நிறுத்துங்க

பஞ்சு சுற்றிய குச்சியின் நுனியால் டாக்டர் மெல்லத் தொட்டதுமே ஷம்சியாவின் தொடைகள் இறுகுகின்றன. "நிறுத்துங்க!" டாக்டரின் கை அந்த நொடியே விலகுகிறது. கல்யாணமான பிறகு அவள் சொல்லி ஒருவர் நிறுத்துவது இதுதான் முதல் தடவை. பச்சைத் திரையில் மதிய வெயில் நிற்கிறது. கீழே மட்டாஞ்சேரித் தெருவில் இஞ்சி மூட்டைகள் தொப்பென்று விழுகின்றன. மூச்சை இழுத்துவிட்டு அவளே சொல்கிறாள்: "இனி தொடுங்க. அங்கதான். காந்தாரி மொளகா தேச்ச மாதிரி எரியுது." டாக்டர் தலையசைக்கிறார். "இது உன் தோணல் இல்ல மோளே, நெசமான நோவு. வலிக்குப் பயந்து தசையும் இறுகிப்போகுது. பூச மருந்து உண்டு, தசை தளரப் பயிற்சி உண்டு. பையப் பைய மாறும். அதுவரைக்கும் நீ வேணாம்னா வேணாம்."

வெளியே பெஞ்சு நிறையப் பெண்கள். நடுவில் மாமியார் பீவி, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு கேட்கிறாள்: "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான்னு சொல்லியிருப்பாங்களே?" ஷம்சியா குரலைத் தாழ்த்தவில்லை. "இல்ல மாமி. இது அசுகம், சிகிச்சை உண்டுன்னு சொன்னாங்க. மாறுற வரைக்கும் உங்க மோன் ஹால்ல படுக்கட்டும்." பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பீவி அவள் கையைப் பிடித்து இழுக்கிறாள். "மெல்லப் பேசுடீ, ஆளுங்க கேக்குறாங்க." ஷம்சியா கையை விடுவித்துக்கொள்கிறாள்.

"கேக்கட்டும்."