குள்ள மரத்தின் குருத்து

பிளாக்ஹவுஸ் பே என்ற வெளிநாட்டுப் புறநகரில் ஒரு கொலையைச் செய்து முடிக்க ஞாயிற்றுக்கிழமை காலைதான் உத்தமம் என்று சதாசிவம் முடிவுகட்டினார். பக்கத்து வீட்டு ரதிதேவி அந்நேரம் கோயிலில் இருப்பார்.

கொல்லப்பட வேண்டியது ரதிதேவி அல்ல. அவர் வீட்டுத் தொட்டியில் நிற்கும் ஸ்ப்ரூஸ் என்ற குள்ள ஊசியிலை மரம். முழங்கால் உயரம். வருஷத்துக்கு ஒரு விரற்கடை வளர்ந்தாலே அதற்கு மூச்சு வாங்கும். அதே ரகம் சதாசிவத்திடமும் இருந்தது. தோட்டக் கழகத்தின் குள்ள மரப் போட்டிக் கோப்பை, வருஷா வருஷம் அவர் வீட்டு ஹாலில்தான் வந்து உட்காரும்.

இந்த வசந்தத்தில் வந்தது வினை. ரதிதேவியின் மரம் உச்சியில் ஒரு சாண் நீளத்துக்குக் குருத்து விட்டது.

"பாத்தியளே அண்ணை, என்ன வடிவான குருத்து! என்ரை மரத்தின்ரை உயிரே அதிலைதான் இருக்கு" என்று வேலிக்கு மேலால் தினமும் புராணம் வேறு.

"தெரியும்மா" என்பார் சதாசிவம்.

தெரியாமலா? பொள்ளாச்சிக்காரர். குருத்தை வெட்டினால் தென்னை அவ்வளவுதான் என்பது அவருக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. தென்னைக்கு ஒரு சட்டம், ஸ்ப்ரூஸுக்கு ஒரு சட்டமா?

"கத்தரியோட எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி பூங்கோதை.

"காத்து வாங்க."

"காத்தை வெட்டியா வாங்குவாங்க?"

வேலியைத் தாண்டினார். முட்டி 'மடக்' என்றது. கத்தரி 'நறுக்' என்றது. குருத்தைக் கால்சட்டைப் பையில் நல்லடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பினார்.

போட்டியன்று, துக்கம் விசாரிக்கும் முகத்தைத் தயார் செய்துகொண்டு மண்டபத்துக்குப் போனார். மரம் சாகவில்லை. கும்மென்று, பச்சைப் பசேலென்று நின்றது. முதல் பரிசும் அதற்கே.

ரதிதேவி கோப்பையோடு அவரிடம் வந்தார்.

"அண்ணை, குள்ள மரத்திலை சிலவேளை பெரிய மரத்தின்ரை குணம் திரும்பி இப்பிடிக் குருத்து ஓடுமாம். வெட்டாட்டில் முழு மரமும் நெட்டையாப் போயிடும், போட்டியிலை சேர்க்க ஏலாதெண்டு நடுவர் போன மாசமே பாத்திட்டுச் சொன்னவர்."

"அப்ப நீங்களே வெட்டியிருக்கலாமேம்மா!" என்று அலறினார் சதாசிவம், தன் வாயாலேயே மாட்டிக்கொண்டதைக் கவனிக்காமல்.

ரதிதேவி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"குருத்தை வெட்டுறது பெரும் பாவமெல்லோ அண்ணை, அதுதான் உங்களைக் கொண்டு வெட்ட வைச்சனான்."