கண்ணீருக்குக் கலையாத மை

"சாமி, கண்ணீர் பட்டாலும் கலையாத மை இருக்கா?"

மாட்டுங்கா மார்க்கெட் அருகே பேனாக் கடை வைத்திருக்கும் நாணு அய்யர், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டவனை ஏற இறங்கப் பார்த்தார். தாராவியில் தோல் பை தைக்கும் கார்கானாவில் வேலை பார்க்கும் உதுமான், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் முகமெல்லாம் கவலையாக நின்றான்.

"யாரோட கண்ணீர் பாய்? உம்மதா?"

"என் பொஞ்சாதி நூர் நிஷா சாமி. நிக்காஹ் முடிஞ்சு இருவதாம் நாளு நான் பம்பாய்க்கு ரயிலேறிட்டேன். அன்னையிலேருந்து அழுதுகிட்டேதான் லெட்டர் எழுதுதா."

சட்டைப் பையிலிருந்து ஓர் இன்லண்டு கடிதத்தை எடுத்துப் பிரித்தான். மை வில்லையைத் தண்ணீரில் கரைத்து, தொட்டெழுதும் கட்டைப் பேனாவால் எழுதியது. எழுத்துகள் வரிக்கு வரி வலப்பக்கமாக ஈஷிக் கிடந்தன. முதல் வரியில் ஸலாம் சொல்லும்போதே அழுகை தொடங்கிவிட்டது. 'ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு' என்ற இடத்தில் ஒரே பிரளயம்.

"ஆடு குட்டி போட்டதுக்கு யாராவது அழுவாளா ஓய்?"

"மச்சானுக்குப் பாக்கக் குடுத்து வைக்கலியேன்னு அழுதிருப்பா."

அய்யர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். உதுமான் சிரிக்கும் நிலையில் இல்லை. கார்கானாவில் மற்றவர்களுக்கு ஊரிலிருந்து காய்ச்சலும் காதுகுத்தும்தான் கடிதமாக வரும். இவனுக்கு மட்டும் கண்ணீர் வந்தது. கூட வேலை பார்க்கும் கணேசபாண்டியன் அந்தக் கறைகளைத் தொட்டுத் தொட்டுப் பெருமூச்சு விடுவான். பதினாறு பேர் படுக்கும் அறையில், தன்னை நினைத்து ஒருத்தி அழுகிறாள் என்பதுதான் உதுமானின் ஒரே பெருமை. ஆனால் அழுததில் பாதி எழுத்து போய்விடுகிறது. அவள் என்ன சொல்ல வந்தாள் என்று தெரியாமல் தவித்துப்போனான்.

"சரி, மொதல்ல பேனாவப் பார்ப்போம்" என்று அய்யர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.

உதுமான் நேரே தங்க மூடி போட்ட குண்டுப் பேனாவில் கை வைத்தான். அய்யர் அதைப் பிடுங்கி உள்ளே வைத்தார். "மூடியா ஓய் எழுதப் போறது? நிப்பைப் பாரும். எழுதறவாளோட கை எப்படி?"

"ரொம்ப ராசியான கை சாமி. அவ வந்த மறு மாசமே ஆடு ரெண்டு குட்டி போட்டுட்டுல்லா!"

"ஆட்டை விட மாட்டீரா? அழுத்தி எழுதுவாளா, பூப்போல எழுதுவாளா?"

அது உதுமானுக்குத் தெரியாது. அவள் எழுதி அவன் பார்த்ததே இல்லை. இருபது நாளில் கடிதம் எழுத ஏது அவசியம்?

அய்யர் மூன்று பேனாக்களில் மை நிரப்பிக் கொடுத்தார். மூன்றிலும் 'நூர் நிஷா' என்றே எழுதிப் பார்த்துவிட்டு உதுமான் வெட்கப்பட்டான். முதலாவது காகிதத்தைக் கீறியது. இரண்டாவது குளமாகக் கொட்டியது. மூன்றாவது வெண்ணெயில் போவது போல வழுக்கிக்கொண்டு போனது.

"இது மெலிசு நிப்பு. மை கொஞ்சமாத்தான் இறங்கும், சட்டுனு காஞ்சுடும்." அய்யர் அடுத்து இரண்டு மைகளில் இரண்டு கோடு போட்டு, காய்ந்ததும் அவற்றின் மேல் தண்ணீர் தெளித்தார். நீலக் கோடு கரைந்து ஓடியது. புளூ-பிளாக் கோடு அசையவில்லை.

"எவ்வளவு வேணும்னாலும் அழச் சொல்லும்!"

அந்த வாரமே சொந்த ஊரான கடையநல்லூருக்குப் புறப்பட்ட கார்கானாக் கூட்டாளி மன்சூர் அலி மூலம் பேனாவும் மைப் புட்டியும் நூர் நிஷாவுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஒரு மாதம் கழித்து, கார்கானாவுக்கு மட்டம் போட்டுவிட்டு உதுமான் கடையில் வந்து நின்றான். முகம் செத்திருந்தது.

"மோசம் போயிட்டேன் சாமி."

நீட்டிய கடிதத்தை அய்யர் வாங்கிப் பார்த்தார். முத்து முத்தான எழுத்து. தேடினாலும் ஒரு கறை இல்லை.

"ஏன், நன்னாத்தானே இருக்கு? கலையாத மைதானே கேட்டீர்? அழுதிருந்தாலும் தெரியாது."

உதுமான் முகத்தில் உயிர் வந்தது. ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அய்யரால் முடியவில்லை. கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஆனா ஈரம் பட்டா காகிதம் சுருங்குமே. இது இஸ்திரி போட்டாப்ல இருக்கே" என்றார்.

அவ்வளவுதான். உதுமானின் கண்கள் நிறைந்துவிட்டன. "பேனாவக் கண்டதும் என்னை மறந்துட்டா. கணேசபாண்டியன் கேட்டா லெட்டரே வரலன்னு பொய் சொல்லிக்கிட்டுத் திரியுதேன்."

"சரி சரி, அழாதேயும். என்ன எழுதியிருக்கா?"

"அத எங்க படிச்சேன்? கறையத் தேடுனதோட மனசு விட்டுப்போச்சு."

"படிக்கவே இல்லையா? மொதல்ல படியும் ஓய்!"

உதுமான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உரக்கப் படித்தான். "'மச்சான், பேனா வந்து சேந்துச்சு. தெருவே கூடி வந்து பாத்துட்டுப் போச்சு. ஒவ்வொரு லெட்டர்லயும் அழாத, அழாதன்னு எழுதுதிய. எதுக்குன்னு இத்தன நாளா எனக்கு விளங்கல. இந்த மை எழுதுனதுமே காஞ்சிருது, கையில ஒட்ட மாட்டேங்கு. இப்பத்தான் விளங்கிச்சு. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, மாப்ள வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு உம்மா என் வாயப் பொத்திட்டா. நீங்க கோவிக்கக் கூடாது...'"

அடுத்த வரியைப் பார்த்ததும் உதுமான் தலையில் கை வைத்துக்கொண்டான். அய்யர் கடிதத்தை வாங்கிக் கடைசி வரியைப் படித்தார்.

"'அழுததெல்லாம் நான் இல்ல மச்சான், என் எடது கை!'"