புது லென்ஸில் என்ன தெரிந்தது?

"களவெடுக்கிறான்! பட்டப்பகலில களவெடுக்கிறான்!"

கீர்த்திகன் சேர் கேமராத் திரையை நிரஞ்சலாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

இருவரும் ஹல்துமுல்லைக்கு அருகே ஒரு ரோட்டு வளைவில் நின்றார்கள். வந்தது கள்ளனைப் பிடிக்க அல்ல, லென்ஸ் போட்டிக்கு.

பள்ளிக்கூட ஆசிரியரான சேரிடம் இருப்பது பன்னிரண்டு வருடப் பழைய டெலி லென்ஸ். தூக்கினால் தோள் கழன்றுவிடும். போதாததற்குக் குளிரில் உள்ளே பூஞ்சணமும் பிடித்திருந்தது. பண்டாரவளையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நிரஞ்சலாவிடம் இருப்பது அதே லென்ஸின் புது மாடல். வாங்கி மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் ஊவா போட்டோகிராபர்களின் வட்ஸ்அப் குரூப்பில் அவள் வாய் ஓயவில்லை.

பழசே போதும் என்றார் சேர். புதுசைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றாள் அவள். சண்டை முற்றவே, குரூப்பை நடத்தும் இரகுநாதன் ஒரு முடிவு கட்டினார். ஒரே இடம், ஒரே கேமரா. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மலையில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களை ஆளுக்கொரு படம் எடுக்க வேண்டும். எடிட் பண்ணக் கூடாது. பகல் பன்னிரண்டுக்குள் குரூப்பில் போட்டுவிட வேண்டும். யாருடையது தெளிவோ, மாகாண விளையாட்டு விழாவைப் படம் எடுக்கும் வாய்ப்பு அவருக்கு.

சேருக்கு அது வருஷா வருஷம் கிடைப்பது. தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்திலிருந்து வந்த நிரஞ்சலாவுக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. அந்த ஆசையில்தான் கையில் கிடந்த இரண்டு வளையலையும் விற்று லென்ஸ் வாங்கினாள்.

"வடிவாப் பாருங்கோ. அந்தக் கங்காணியின்ர கை எங்க கிடக்கு?"

படம் கொஞ்சம் கலங்கல். ஆனாலும் கை, முன்னால் நின்ற பெண்ணின் முதுகுக் கூடைக்குள்தான் இருந்தது.

"அந்த மனிசிக்குத் தெரியாம பின்னால நிண்டு கொழுந்தை எடுக்கிறான். இதைக் குரூப்பில போடுறன். அந்தத் தோட்டத்து மனேஜரும் படம் எடுக்கிறவர், குரூப்பில இருக்கிறார். பாத்த உடன ஆளுக்கு வேலை காலி."

"இருங்க சேர். அவரு இன்னும் அங்கதான் நிக்கிறாரு. என்னோடதுல பாத்துருவோம்."

லென்ஸை மாற்றிப் பூட்டினாள். கண் இமைப்பதற்குள் போகஸ் பிடித்தது. பத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கினாள்.

"அடேயப்பா! கூடையில எழுதியிருக்க நம்பர்கூடத் தெரியுது சேர். நாப்பத்தேழு!"

சேரின் முகம் தொங்கிவிட்டது. ஆனால் பார்க்கும் ஆசை விடவில்லை.

"எங்க, முதல்ல இருந்து காட்டுங்கோ."

முதல் படத்தில் கங்காணி செடியில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார். நாலாவதில் கை நிறையக் கொழுந்து. ஏழாவதில் கை கூடைக்குள். ஒன்பதாவதில் வெறுங்கை.

"எடுக்கேல்லை..." சேரின் குரல் இறங்கிவிட்டது. "போடுறார்."

"அந்த அக்காவோட வலது கையப் பாருங்க சேர்."

மணிக்கட்டு வரை வெள்ளைக் கட்டு. அந்தப் பெண் இடது கையால் தட்டுத்தடுமாறிப் பறித்துக்கொண்டிருந்தாள்.

"கிலோ கொறஞ்சா அரைப்பேருதான். பாதிச் சம்பளம் போயிரும். அதான் ஒதவி பண்றாரு."

சேருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஒரு நல்ல மனிசனைக் கள்ளனாக்கப் பாத்தனே." தன் படத்தை அந்த இடத்திலேயே அழித்தார். "நீங்கள் வெண்டிட்டியள். அனுப்புங்கோ. இப்பிடியும் ஒரு கங்காணி இருக்கிறார் எண்டு எல்லாரும் பாக்கட்டும்."

மணி பதினொன்றே முக்கால். நிரஞ்சலா படத்தைப் போனுக்கு மாற்றிக் குரூப்பைத் திறந்தாள். அனுப்பவில்லை.

"என்ன யோசினை?"

"மனேஜரும் பாப்பாருல்ல."

"பாத்தாப் பாராட்டுவார்."

"நான் லயத்துல பொறந்தவ சேர். கங்காணியே பறிச்சு இன்னொருத்தங்க கூடையில போட்டா, அது அங்க கள்ள நிறுவைன்னு பெரிய குத்தம். அவரு வேலை போயிரும். கையில கட்டோட மலைக்கு வேலைக்கு வந்தாங்கன்னு அந்த அக்காவையும் வீட்டுக்கு அனுப்பிருவாங்க. நம்பர் வேற பளிச்சுனு தெரியுது. தேடக்கூட வேணாம்."

"முகத்தையும் நம்பரையும் மறைச்சுப் போட்டா?"

"எடிட் பண்ணக் கூடாதுன்னுதானே பேச்சு."

"அப்ப வேற படம் எடுங்கோ, கெதியா!"

இருவரும் நிமிர்ந்தார்கள். எதிரே மலையே இல்லை. பனிமூட்டம் இறங்கி, கொழுந்துக்காரர்களையும் கங்காணியையும் சேர்த்து மூடியிருந்தது.

நிரஞ்சலா ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசிப் படத்தை மட்டும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தாள். அப்படியொரு படம் அவள் வாழ்நாளில் எடுத்ததில்லை. அதையும் அழித்தாள்.

பன்னிரண்டு அடித்ததும் இரகுநாதன் குரூப்புக்கு வந்தார். "படங்கள் எங்கே?"

"எனக்குச் சரிவரேல்லை" என்று எழுதினார் சேர்.

நிரஞ்சலாவும் அதையே எழுதினாள். இருவரும் படம் போடாததால், விளையாட்டு விழா வாய்ப்பு குரூப்பிலிருந்த பசறை ஸ்டூடியோக்காரி முஷ்ரிபாவுக்குப் போனது.

குரூப்பில் சிரிப்பு முகங்கள் வந்து குவிந்தன. இரகுநாதனும் விடவில்லை. "மூண்டு கிழமையா அந்தப் புது லென்ஸைப் பற்றி அந்த அளப்பு அளந்தீங்களே! கடைசியில அதில என்னதான் தெரிஞ்சுது?"

நிரஞ்சலா பதில் போட்டாள்.

"ஒண்ணுமே தெரியல."