பத்து லாரி கூழாங்கல்

"கார் புதைஞ்சிடும்மா! சொன்னா கேளுங்க!"

"புதையட்டும் அண்ணே."

கிடங்குக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்திரண்டு வருஷமாக ஜல்லி விற்கிறார். கார் ஏறி வரப் பாதை போட, மழைத்தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்ட என்று கல் கேட்டு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். புதைந்தால் புதையட்டும் என்று சொன்னவர் இந்தத் தையல்காரம்மா ஒருவர்தான். மிஷினிலிருந்து அப்படியே எழுந்து வந்தவர் போல, கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

"இது கூழாங்கல்மா. உருண்டை. ஒண்ணோட ஒண்ணு கோத்துக்காது, காலை வெச்சாலே நழுவும். பாதைக்குன்னா உடைச்ச ஜல்லிதான். மேல கிரஷர் தூளைத் தூவி ரோலரை விட்டா, அசைக்க முடியாது."

"அசையாம நிக்கவே கூடாதுண்ணே."

தையல்காரம்மா ஜல்லிக் குவியலில் கையைக் குத்திப் பார்த்தார். விரல்கூட நுழையவில்லை. கூழாங்கல் குவியலில் குத்தினார். முழங்கை வரை சரசரவென்று இறங்கியது. முகம் மலர்ந்துவிட்டது.

"இதேதான். ஆனா எல்லாம் ஒரே சைஸா சலிச்சுக் குடுக்கணும். பொடிக்கல் கலந்தா சந்துல போய் அடைச்சுக்கும், இறுகிடும். ஒரு பொட்டு மண் இருக்கக்கூடாது. கழுவித் தாங்க."

கட்டட மேஸ்திரிகளே இவ்வளவு விவரமாகக் கேட்டதில்லை.

"எவ்வளவு ஆழம் போடப்போறீங்க?"

"மூணரை அடி. நீளம் எண்பது அடி. அகலம் பன்னிரண்டு. அடியில ஓட்டை போட்ட குழாய் பதிச்சாச்சு. தண்ணி தேங்கினா சேறு சேர்ந்து கெட்டியாயிடுமே."

"மூணரை அடியா? பாதைக்கு அரை அடி போதுமே! இது கார் நிறுத்தவா, காரை ஒளிச்சு வைக்கவா?"

பக்கத்தில் நின்ற கிடங்கு லாரி டிரைவர் கொல்லென்று சிரித்தார். தையல்காரம்மாவும் சிரித்தார். ஆனால் ஒரு அங்குலம்கூட இறங்கி வரவில்லை.

"யாரும்மா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"நாலு மாசம் அலைஞ்சேன். ஒரு இன்ஜினியர் வீட்டுக்கு ஒன்பது தடவை போனேன். பத்தாவது தடவை வந்துடுவேனோன்னு பயந்து, படமே போட்டுக் குடுத்துட்டார்."

மனக்கணக்குப் போட்டதில் பத்து லாரி வந்தது. நல்ல வியாபாரம்தான். ஆனாலும் கிடங்குக்காரருக்கு மனசு ஒப்பவில்லை. தெரிந்தே தப்பான கல்லை ஒரு வீட்டுக்கு அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. மறுநாள் காலை முதல் லாரி கிளம்பியபோது, டிரைவர் பக்கத்தில் அவரும் ஏறி உட்கார்ந்தார்.

"இடத்தைப் பார்த்துடலாம்ப்பா. சரிப்படலேன்னா கொட்டாம திருப்பிடு."

மலைச்சாலை தரையைத் தொட்டு வளைகிற இடத்தில் இருந்தது வீடு. சின்ன ஓட்டு வீடு. ஜன்னல் ஓரமாக ஆறு தையல் மிஷின்கள், ஆறு பெண்கள். வீட்டுக்குப் பக்கத்து மனையில் வேலியைப் பிடுங்கி எறிந்து, எண்பது அடிக்கு நேர்கோடாகப் பள்ளம் வெட்டியிருந்தது. அளவு நாடா பிடித்து வெட்டிய துணி மாதிரி அத்தனை சுத்தம். முடிவில் ஆள் உயரத்துக்கு மண்மேடு. ஓரத்தில் கத்தரியும் மல்லிகையும் வேரோடு கிடந்தன. இருந்த தோட்டம் முழுவதும் போயிருந்தது.

வேலைச் சுத்தத்தைப் பார்த்துக் கிடங்குக்காரர் அசந்து நின்றார். ஆனால் பாதை எங்கேயும் போய்ச் சேரவில்லையே! வீட்டு வாசலுக்கும் போகவில்லை, கார் கொட்டகை என்று ஒன்றையும் காணோம்.

"உங்க கார் எங்கம்மா நிக்குது?"

"எனக்கேதுண்ணே கார்? சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விளையாடுகிறாரா இந்த அம்மா? திரும்பி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் லாரியை விட்டு இறங்கி, பள்ளத்தின் வாயில் நின்று மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலைத்துண்டை எப்போது அவிழ்த்தாரோ, கையில் இருந்தது.

"முதலாளி," என்றார் மெதுவாக. "இங்க வந்து நில்லுங்க."

கிடங்குக்காரர் போய் நின்றார். செங்குத்தான மலைச்சாலை உச்சியிலிருந்து ஒரே நேர்கோட்டில் இறங்கி, அவர் காலடிக்கு வந்தது. சாலை வளைந்து விலகும் இடத்தில் பள்ளம் தொடங்கியது. சாலைக்கு அந்தப்பக்கம் ஒரு பெரும்பாறை, நெற்றியில் அடிபட்ட மாதிரி சிதைந்திருந்தது.

"அஞ்சு மாசமாச்சுண்ணே," என்றார் தையல்காரம்மா. "பிரேக் போன லாரி ஒண்ணு அங்கேருந்து வந்துச்சு. நானும் இந்தப் பொண்ணுங்களும் ஜன்னல்ல உட்கார்ந்திருந்தோம். டிரைவர் எங்களைப் பார்த்துட்டு, வண்டியை அந்தப் பாறை மேல திருப்பிட்டார். எங்களுக்கு ஒரு கீறல் இல்லை. அவர்தான்..."

தையல்காரம்மா நாடாவால் பள்ளத்தின் ஆழத்தை இன்னொரு முறை அளந்தார்.

"இனிமே பிரேக் போய் வர்றவங்க பாறையைத் தேட வேணாம்ண்ணே. வண்டி இந்தக் கல்லுல புதைஞ்சு தானா நின்னுடும். நேரா எங்க வீட்டுக்கு வரட்டும்."