கிணறு குடிக்கும் சோடா

"எழுதுங்க அண்ணாச்சி. எம்புட்டு நேரந்தான் பேனாவையே பாத்துக்கிட்டு இருப்பீங்க?" என்றாள் ஆசியா உம்மாள்.

பேட்டையில் ஞானசிகாமணியின் சோடாக் கம்பெனி. அங்கே அப்போது இருந்தவர்கள் மூன்று பேர். மேசைக்குப் பின்னால் இரும்பு நாற்காலியில் ஞானசிகாமணி. எதிரே, கவிழ்த்துப் போட்ட கலர் சோடாப் பெட்டியின் மேல், அடுத்த தெருவில் சோடாக் கம்பெனி நடத்தும் ஆசியா உம்மாள். வாசற்படியில், ஆழ்வார்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த பரமசிவன். அவனுக்கும் அதே தொழில், அதே தலைவலி.

மூவரிடமும் கேஸ் சிலிண்டர் காலி. சோடாவுக்கு உயிரே அதில் அடைத்து வரும் கரியமில வாயுதான். அதைக் கொடுத்துவந்த கடற்கரைப் பக்கத்து ஆலை, இப்போது மொத்தத்தையும் டெல்டாவிலுள்ள பழைய எண்ணெய்க் கிணறுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் மூன்று கம்பெனிகளுக்கும் பூட்டுத்தான்.

"அம்மன் கோயில் கொடை விழாவுக்குக் கலர் தாரேன்னு வாக்குக் குடுத்துட்டு முழிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றான் பரமசிவன். "எண்ணெய்க் கெணத்துக்கு எதுக்கு அண்ணாச்சி நம்ம கேஸு?"

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பழைய கெணறுலே. மிச்ச எண்ணெய் பாறைக்குள்ளயே ஒட்டிக்கிட்டு மேல வரமாட்டங்கு. கேஸை அழுத்தி உள்ள விட்டா எண்ணெய் இளகி வரும். உள்ள போற கேஸு பெரும்பாலும் பூமிக்குள்ளயே தங்கிரும். வானத்துக்குப் போற புகை அம்புட்டுக் குறையும்."

"அப்ப கெணத்துக்கு சோடா குடுக்காங்கன்னு சொல்லுங்க. அது ஏப்பம் விட்டா எண்ணெய் வரும்!" என்று சிரித்தான் பரமசிவன்.

ஆசியா உம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அது சரி, வந்த எண்ணெயை எரிச்சா புகை வராதாக்கும்?"

"அதையும்தான் கேட்டேன்..." என்று தொடங்கிய ஞானசிகாமணி, பாதியில் நிறுத்திக்கொண்டு பேனாவின் மூடியைத் திறந்தார்.

பெட்டிசன் என்றால் பேட்டையே அவரிடம்தான் வரும். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வரிசை இன்றுவரை மாறியதில்லை. யாருக்கு எழுதவும் அலுத்ததில்லை. இன்று 'பெறுநர்' என்ற சொல்லுக்குக் கீழே கை ஓடவில்லை.

"ஒரு வக்கீல்ட்ட குடுத்தா என்ன? ஜோரா டைப் அடிச்சித் தந்துருவாரு" என்றார் ஞானசிகாமணி.

"வக்கீலெல்லாம் வேண்டாம். நீங்கதான் எழுதணும்" என்றார்கள் இருவரும்.

"கெணத்துல கேஸு விடுததையே நிப்பாட்டணும்னு போட்டுருவமா?" என்று கேட்டான் பரமசிவன்.

"வேண்டாம் தம்பி" என்று ஆசியா உம்மாள் தடுத்தாள். "அங்கனயும் பிள்ளைக பாடுபட்டுத்தானே செய்யுது. வாரத்துக்கு ஒரு லாரி கேஸு நமக்கு விடச் சொல்லுங்க, போதும்."

ஞானசிகாமணி அவளை நிமிர்ந்து பார்த்தார். எழுதத் தொடங்கினார். தொடங்கியபின் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. 'தங்கள் கிணறு நிறைவதற்கு எங்கள் வீட்டு அடுப்புகள் அணையத்தான் வேண்டுமா?' என்ற வரியை உரக்க வாசித்துக் காட்டினார்.

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். கடிதத்தை மடித்து உறையிலிட்டு, பசை தடவி, விளிம்பை விரலால் இருமுறை நீவினார். மேலே 'எண்ணெய்க் கிணற்றுத் திட்டப் பொறுப்பு அதிகாரி' என்று எழுதி, முகவரியும் எழுதி, பரமசிவனிடம் நீட்டினார்.

அவன் வாங்கவில்லை. "பேரு போடலையே அண்ணாச்சி?"

"பதவி போட்டாப் போதும்லே. முறை அதுதான்." குரல் ஓய்ந்துபோயிருந்தது.

ஆசியா உம்மாள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"பதவிக்குப் போற பெட்டிசனை யாரு படிக்கா? ஸ்வீட்லின்னு எழுதுங்க அண்ணாச்சி. அப்பன் எழுத்தைப் பாத்தா மக பிரிக்காம இருப்பாளா? அதுக்குத்தானே ஒங்கள எழுதச் சொன்னோம்."

ஞானசிகாமணி நீட்டிய கையை மடக்கி, உறையின் மேல் தன் மகளின் பெயரை எழுதினார். பரமசிவன் அதை வாங்கிக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்தான்.