சிவப்புக் காயின் இடம்

பீரோவை நகர்த்தியபோது, முப்பது வருஷத்துக்கு முன்னால் தொலைந்த லூடோ சிவப்புக் காய் கிடைத்தது. லூடோ பெட்டிக்குள் போட்டதும் காய் பார்த்தால், அதன் இடத்தில் ஒரு சட்டைப் பொத்தான்.

"உன்னை யாரு இங்க உட்கார வச்சது? எந்திரி!" என்று அதட்டியது காய்.

பொத்தான் ஒதுங்கி இடம் விட்டது.

அன்றே, சின்ன வயதில் அதை ஆடிய அக்காவும் தங்கையும் லூடோ அட்டையை விரித்தார்கள். அக்கா சிவப்புக் காயை எடுத்தாள்.

"அது கெடக்கட்டும், பொத்தானை வை. பொத்தான் இல்லாம நமக்கு என்னக்கா ஆட்டம்?" என்றாள் தங்கை.

ஆட்டம் முடிந்து பொத்தான் பெட்டிக்குத் திரும்பியது. காய் தயங்கித் தயங்கிக் கேட்டது: "நான் தொலைஞ்ச அன்னிக்கு யாராவது தேடினாங்களா?"

"தேடினாங்களாவா? ரெண்டு பிள்ளைங்களும் சோறு திங்காம அழுதுச்சுங்க. அது பொறுக்காமத்தான் அவங்க அப்பா, போட்டிருந்த சட்டையிலிருந்து என்னைப் பிய்ச்சுக் கொடுத்தாரு."