மதலைமுத்துவின் புங்கமரம்

குடமுருட்டி ஆற்றங்கரையில் ஊரார் சேர்ந்து வளர்க்கும் குறுங்காட்டுக்குள் விளக்குமாற்றோடு வந்திருக்கிறார் சவரியம்மாள். இன்று கணவர் மதலைமுத்துவின் நினைவு நாள். அவர் பெயரில் நட்ட புங்கமரம் இரண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. கல்லறையைக் கூட்டும் அதே கண்டிப்போடு மரத்தடியைக் கூட்டுகிறார். சருகெல்லாம் சரசரவென்று ஒதுங்க, வெளுத்த மண்ணில் கோடுகோடாக விளக்குமாற்றுத் தடம். இலைகளுக்கிடையே இறங்கும் வெயில் அதன்மேல் வட்டவட்டமாக ஆடுகிறது. காட்டைப் பராமரிக்கும் வானதி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவருகிறாள். "அய்யோ, கூட்டாதீங்கம்மா! சருகு கிடந்தாத்தான் மண்ணுல ஈரம் நிக்கும். மரத்துக்கு அதுதான் சாப்பாடு." "குப்பையா கிடக்கேன்னுல்ல கூட்டிட்டேன்..." விளக்குமாறு சவரியம்மாளின் கையிலிருந்து நழுவுகிறது. குவியலிலிருந்து ஒரு கை சருகை அள்ளி வேரடியில் பரப்புகிறார். பிறகு இன்னொரு கை. நரைத்த கொண்டையில் ஒரு சருகு ஒட்டியிருப்பது அவருக்குத் தெரியவில்லை. வானதியும் பக்கத்தில் உட்கார்ந்து அள்ளிப் போடுகிறாள். "மெதுவா போடும்மா," என்கிறார் சவரியம்மாள், ஓரங்களை உள்ளங்கையால் நீவி அழுத்தியபடி. "சித்திரை வெயில்லயும் அவரு போத்திக்காம தூங்க மாட்டாரு."